கர்ப்பமும் பூச்சிக் குளிசையும்: திருகோணமலைத் தாய்மாரின் பயமும் அதன் பின்னணியும்

நான்காம் மாதம் தாண்டிய கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையோடு ஒரு பூச்சிக் குளிசையும் கொடுப்பார்கள். கொடுத்தது கிளினிக் கொப்பியில் பதிவாகும். கொடுத்த குளிசைகளெல்லாம் வயிற்றுக்குள் போயின என்று மட்டும் நினைக்க வேண்டாம். மூதூரோ கிண்ணியாவோ தம்பலகாமமோ, ஏதாவது ஒரு கிளினிக் வாங்கில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குளிசை "வயித்தைப் பிரட்டுது" என்று பாதியில் நின்றிருக்கும். பூச்சிக் குளிசையோ அலுமாரிக்குள் இருக்கும். "மாமி வேணாம் எண்டவ. வயித்தில பிள்ளை இருக்கேக்க பூச்சி மருந்து குடிச்சா கலைஞ்சு போயிடுமாம்" என்பார்கள்.

இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மாமியின் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசினால்தான் அந்தக் குளிசை அலுமாரியிலிருந்து வெளியே வரும். ஆனால் அதற்கு முன் புழுவைப் பற்றிக் கொஞ்சம்.

கர்ப்பிணியை அதிகம் வருத்துவது கொளுக்கிப்புழு. நீளம் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். மனித மலத்தோடு மண்ணில் விழும் அதன் முட்டை ஓரிரு நாளில் பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாளுக்குள் குடம்பி (முட்டையிலிருந்து வந்த இளம் புழு) தோலைத் துளைக்கும் பருவத்தை அடைந்துவிடும். வெறுங்காலோடு அந்த மண்ணில் நடப்பவரின் விரலிடுக்கில் ஒரு கடி, ஒரு சொறி. சேற்றுப்புண் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொள்வோம். அதற்குள் குடம்பி இரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் இறங்கிவிடும். அங்கே குடல் சுவரைக் கவ்விக்கொண்டு சில வருடங்கள் இருக்கும்.

இலங்கையில் பெரும்பாலும் காணப்பட்ட கொளுக்கிப்புழு வகையில் ஒரு புழு ஒரு நாளில் குடிக்கும் இரத்தம் சுமார் 0.03 மில்லிலீற்றர். இது ஒரு பொருட்டா என்று கேட்கத் தோன்றும். நூறு புழு இருந்தால் ஒரு நாளைக்கு 3 மில்லிலீற்றர். ஹீமோகுளோபின் 10 உள்ள ஒருவரின் 3 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அதில் ஒரு பங்கைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ஆரோக்கியமான மனித உடல் ஒரு நாளில் இழக்கும் இரும்பே அந்த 1 மில்லிகிராம் அளவுதான். இன்னொரு பக்கம், கர்ப்ப காலம் முழுவதற்கும் ஒரு தாய்க்குத் தேவைப்படும் இரும்பு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம். குழந்தை, நச்சுக்கொடி, தாயின் உடலில் பெருகும் இரத்தம், பிரசவத்தில் போகும் இரத்தம் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும். பல பெண்கள் கர்ப்பம் தரிக்கும்போதே கையிருப்பில் குறைவோடுதான் தொடங்குகிறார்கள். முதல் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்த கையோடு அடுத்தது உண்டானால் கேட்கவே வேண்டாம். இந்த நிலையில் புழுவும் தன் பங்குக்குக் குடித்தால் ஹீமோகுளோபின் இறங்கத்தான் செய்யும்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே, நடுப்பகுதியில் 10.5-க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. 7-க்குக் கீழே போனால் அது கடுமையான நிலை. படியேற மூச்சு வாங்குவதும், கண்ணிமையின் உட்புறம் வெளுப்பதும், நெஞ்சு படபடப்பதும் வெளியே தெரியும் அடையாளங்கள். நான் அதிகம் பயப்படுவது பிரசவ நேரத்தைத்தான். சாதாரணப் பிரசவத்தில் 500 மில்லிலீற்றருக்கு உட்பட்ட இரத்த இழப்பைத் தெம்பான தாய் தாங்கிக்கொள்வாள். ஏற்கெனவே 7, 8 என்று நிற்பவருக்கு அதே இழப்பு உயிர் ஆபத்தாக மாறலாம். வெருகலில் இருந்தோ ஈச்சிலம்பற்றில் இருந்தோ திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு அம்புலன்ஸ் வந்து சேரும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தைக்கும் பாதிப்பு உண்டு: எடை குறைந்து பிறக்கும், இரும்புச் சேமிப்பும் குறைவாகவே கொண்டு வரும்.

இனி மாமியின் பயத்துக்கு வருவோம்.

நம் வீடுகளில் பூச்சி மருந்து என்றால் ஒரு காலத்தில் அது பேதிதான். ஆமணக்கெண்ணெயைக் காய்ச்சி, மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்து, அன்று முழுவதும் கஞ்சியும் வயிற்றோட்டமுமாகக் கிடக்க விடுவார்கள். கர்ப்பிணிக்குப் பேதி கொடுக்கக்கூடாது என்பது சரியான அறிவு. குடல் முறுக்கும்போது கருப்பையும் சேர்ந்து சுருங்கலாம். ஆமணக்கெண்ணெய் குடித்துப் பிரசவ வலியை வரவழைக்கும் பழக்கம் உலகின் பல இடங்களில் இருந்திருக்கிறது. அப்புறம், அரசாங்கம் கொடுத்த பூச்சி மருந்தும் அன்றைக்குச் சாதுவானதல்ல. அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் 1916-இல் இலங்கைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது கையில் இருந்தவை தைமோலும் கீனோபோடியம் எண்ணெயும். கீனோபோடியம் அளவு கொஞ்சம் கூடினாலே நஞ்சு. கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று ஒதுக்கிய மருந்து அது. நம் பாட்டிமாரின் தாய்மார் "பூச்சி மருந்தா, பிள்ளைத்தாச்சிக்கா, கூடவே கூடாது" என்று சொன்னது அந்த மருந்துகளைப் பார்த்துத்தான். அவர்கள் சொன்னதில் பிழையே இல்லை.

இந்த வரலாற்றில் இன்னொரு இழையும் இருக்கிறது. புழுவுக்கு மருந்து கொடுத்தாலும் மலசலகூடம் இல்லாத இடத்தில் சில மாதத்திலேயே புழு திரும்ப வருவதை அந்த ஒழிப்புக்காரர்கள் கண்டார்கள். ஊரின் சுகாதாரத்தையே ஒரு குழு முழுநேரமாகப் பார்க்க வேண்டும் என்ற யோசனைக்கு அந்த அனுபவம் உதவியது. 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு உருவானது. இன்று நம் வீட்டு வாசலில் வந்து "மூன்று மாதம் ஆச்சா, பதிஞ்சாச்சா" என்று கேட்கும் மிட்வைப் மிஸ்ஸும், கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் தூரம் பார்க்கும் பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அந்த அமைப்பின் வழியில் வந்தவர்கள். கொளுக்கிப்புழுவுக்கும் இலங்கைத் தாய்மார் நலனுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

இன்று பூச்சிக் குளிசையாகக் கொடுக்கும் மெபெண்டசோல் வேறு மாதிரியான மருந்து. வாயால் எடுத்தால் மிகச் சிறிய பங்கே இரத்தத்தில் கலக்கும். பெரும்பகுதி குடலிலேயே நின்று, புழு குளுக்கோசை உறிஞ்ச முடியாதபடி செய்துவிடும். புழு பட்டினியால் சாகும். பேதி எதுவும் போகாது. 500 மில்லிகிராம், ஒரே தடவை. அரசாங்கக் கிளினிக்கில் காசு கிடையாது.

முதல் மூன்று மாதத்தில் கொடுக்கமாட்டார்கள். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் அது என்பதால், தவிர்க்கக்கூடிய எந்த மருந்தையும் அப்போது தவிர்ப்பது வழக்கம். அதனால் கடையில் தானாகப் பூச்சி மருந்து வாங்கிக் குடிப்பது சரியல்ல, அதுவும் மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும் நேரத்தில். இந்த இடத்தில் மாமி சொல்வதும் வைத்தியர் சொல்வதும் ஒன்றுதான்.

நான்காம் மாதத்துக்குப் பிறகு நிலைமை வேறு. கர்ப்பிணிகளுக்கு மெபெண்டசோல் கொடுப்பதை 1990-களிலேயே தேசியக் கொள்கையாக்கிய நாடு இலங்கை. பல நாடுகள் தயங்கி நின்ற காலம் அது. அந்தக் கொள்கை சரியா பிழையா என்று களனிப் பல்கலைக்கழகத்தின் நிலாந்தி டி சில்வாவும் குழுவினரும் ஆராய்ந்து 1999-இல் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். சுமார் 7,000 பிரசவங்களைப் பார்த்தார்கள். மெபெண்டசோல் எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் பிறவிக் குறைபாடு 1.8 வீதம், எடுக்காதவர்களின் பிள்ளைகளில் 1.5 வீதம். புள்ளிவிபர ரீதியில் பொருட்படுத்தக்கூடிய வித்தியாசம் அல்ல. ஆனால் இறந்து பிறந்ததும் பிறந்த கையோடு இறந்ததும் சேர்த்து எடுத்தவர்களில் 1.9 வீதம், எடுக்காதவர்களில் 3.3 வீதம். இப்படியான ஆய்வில் குளிசை எடுத்தவர்கள் மற்ற விடயங்களிலும் கவனமாக இருந்திருக்கலாம். அதனால் அந்த நன்மை முழுவதையும் குளிசையின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. பாதுகாப்பு விடயத்தில் மட்டும் அது தெளிவாகப் பேசுகிறது. உலக நாடுகளுக்கு இந்தத் தரவு நம் தாய்மாரிடமிருந்து போனது என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஒரு நியாயமான கேள்வி வரும். இப்போது யாருக்கு இங்கே புழு இருக்கிறது? 2017-இல் நடந்த நாடளாவிய பாடசாலைக் கணக்கெடுப்பில் மண்வழிப் புழுத் தொற்று 1 வீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. தோட்டப் பகுதிகளில்தான் அப்போதும் 9 வீதம் அளவில் நின்றது. கொளுக்கிப்புழுவோ சாட்டைப்புழுவோ 20 வீதத்துக்கு மேலும், கர்ப்பிணிகளில் இரத்தச்சோகை 40 வீதத்துக்கு மேலும் இருக்கும் இடங்களில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்த மருந்து கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த அளவுகோலால் பார்த்தால் திருகோணமலையில் இது கட்டாயமில்லை என்று வாதாட முடியும்.

நான் அப்படி வாதாடமாட்டேன். சராசரி என்பது எல்லோருக்கும் பொருந்தும் எண் அல்ல. இந்த மாவட்டத்தில் ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே குழாய் நீரும் ஓடு வேய்ந்த மலசலகூடமும் உள்ள வீடும் இருக்கும், காட்டோரம் போகும் குடும்பமும் இருக்கும். 2006-இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களில் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு 2015-க்குப் பிறகுதான் தங்கள் காணிக்குத் திரும்பினார்கள். திரும்பியவர்கள் முதலில் கூரையைத்தான் போடுவார்கள். மலசலகூடம் பிறகு வரும். மாரியில் மகாவலி பெருக்கெடுத்து மூதூர், வெருகல் பக்கம் தண்ணீர் ஏறினால் இருக்கும் மலக்குழியும் நிரம்பி வழியும்.

மண்ணின் விடயமும் தெரிந்திருக்க வேண்டும். கொளுக்கிப்புழுவின் குடம்பிக்கு ஈரம், நிழல், காற்றோட்டமுள்ள மணல் கலந்த மண் வேண்டும். சுள்ளென்ற வெயிலில் காய்ந்துவிடும். தண்ணீர் தேங்கி நிற்கும் வயலுக்குள் அவ்வளவாகத் தப்பாது. ஆகவே களை பிடுங்கும் வயலைவிட, ஒதுங்கப் போகும் வரம்போரத்துப் பற்றையும், மரநிழலில் உள்ள தோட்டமும், கார்த்திகை தொடங்கித் தை வரை ஈரம் காயாத கொல்லைப்புறமும்தான் கவனிக்க வேண்டிய இடங்கள். அங்கே செருப்புப் போட வேண்டும். (நிலாவெளிக் கடற்கரை மணலில் விளையாடிய பிள்ளையின் காலில் பாம்பு போல நெளிந்து ஓடும் சிவந்த கோடு வந்தால் அது பெரும்பாலும் நாயின் கொளுக்கிப்புழு. தோலோடு நின்றுவிடும், இரத்தம் குடிக்காது.)

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நம் தாய்மாரின் இரத்தச்சோகை எல்லாம் புழுவால் வந்ததல்ல. இன்றைக்குப் பெரும்பங்கு உணவில் இரும்பு போதாமையால் வருகிறது. பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாவைச் சுமப்பவர்களும் இந்த நாட்டில் குறைவில்லை. பூச்சிக் குளிசையும் இரும்புச்சத்துக் குளிசையும் ஒழுங்காக எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று விட்டுவிடாமல் அடுத்த கட்டச் சோதனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்துக் குளிசை தேத்தண்ணியோடு போனால் பாதிக்கு மேல் வீண். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணியைத் தள்ளிவையுங்கள். கல்சியம் குளிசையையும் அதே நேரத்தில் போடக்கூடாது. ஒன்று பகலில், மற்றது இரவில்.

சில பெண்களுக்கு மண் தின்ன ஆசை வரும். சாம்பல், திருநீறு, கரி, பச்சரிசி என்று ஒவ்வொருவருக்கு ஒன்று. மசக்கை ஆசை என்று சிரித்துவிட்டுப் போகிறோம். இரும்புக் குறைவோடு சேர்ந்து வரும் அறிகுறி அது. ஈரச் சுவரைச் சுரண்டியோ மண்ணை அள்ளியோ தின்றால் வட்டப்புழு, சாட்டைப்புழு முட்டைகளும் கூடவே போகும். யாராவது அப்படிச் செய்வது கண்ணில் பட்டால் ஏச வேண்டாம். மிட்வைப் மிஸ்ஸிடம் சொல்லி இரத்தம் பார்க்கச் செய்யுங்கள்.

இலைக்கறி சாப்பிடச் சொல்வார்கள், நல்லதுதான். ஆனால் வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரமான தாழ்ந்த இடத்தில் படர்பவை. சம்பல் போடும்போது அடுப்பில் வைக்கமாட்டோம். ஒரு சட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தால் மண் மட்டும்தான் போகும். ஒவ்வொரு தண்டாகப் பிரித்து, வேர்ப்பக்கத்தைக் கிள்ளி எறிந்து, ஓடும் தண்ணீரில் இலையின் இரு பக்கமும் விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். கர்ப்ப காலத்தில் சம்பலைக் கொஞ்சம் மறந்து, வறையாகச் செய்து சாப்பிட்டால் இன்னும் நிம்மதி. தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகு விட்டால் இரும்பும் நன்றாக உடலில் சேரும்.

கழுவுவதற்குப் புழுவைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது ரொக்சோபிளாஸ்மா, பூனையின் மலம் வழியாக மண்ணுக்கு வரும் ஒரு நுண்ணுயிர். பூனை மலம் கழித்த உடனே அது தொற்றாது. ஒன்று முதல் ஐந்து நாள் மண்ணில் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். பின்பு ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் ஊரில் முற்றமே மணல், பூனைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. மீன் வெட்டும் இடமெல்லாம் பூனைகள் வேறு. முன்பே ஒருமுறை தொற்றியிருந்த தாய்க்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும், பிள்ளைக்கு அநேகமாக ஆபத்தில்லை. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் பிரச்சினை. ஆரம்ப மாதங்களில் தொற்றினால் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே பிள்ளைக்குப் போகும், ஆனால் போனால் கருச்சிதைவு, தலையில் நீர் கோர்த்தல் என்று கடுமையாகப் பாதிக்கும். கடைசி மாதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைக்குப் போய்விடும், பிறக்கும்போது பிள்ளை சுகமாகவே தெரியலாம். வருடங்கள் கழித்துக் கண்பார்வையில் காட்டும்.

தாய்க்கு இது வந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சிலருக்குக் கழுத்தில் நெறி கட்டும், லேசான காய்ச்சல் வரும். கிளினிக்கின் வழக்கமான சோதனைகளில் இது கிடையாது. பூனையை விரட்ட வேண்டிய தேவையும் இல்லை. அதன் மலத்தை வேறு யாராவது அன்றன்றே அள்ளட்டும். முற்றம் கூட்டிய கையை, தோட்டம் கொத்திய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுச் சமையலுக்குப் போகலாம். இறைச்சியை நம் வீடுகளில் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம், அந்தப் பழக்கம் நம்மைக் காப்பாற்றுகிறது.

பேச வெட்கப்படும் ஒன்றும் இருக்கிறது. மஞ்சளோ பச்சையோ கலந்து நுரையோடு, நாற்றத்தோடு, கடியோடு வெள்ளைபட்டால் அது ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். குறைமாதப் பிரசவத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. வெக்கையால் வந்தது என்று இளநீர் குடித்துவிட்டு இருக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்து இருக்கிறது. கணவருக்கும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் திரும்ப வரும்.

கடைசியாக மலேரியா. வடக்கிலும் கிழக்கிலும் யுத்த காலத்தில் பிள்ளை பெற்ற பெண்களிடம் கேட்டால் குளோரோகுயின் கசப்பையும், வீட்டுச் சுவருக்கு மருந்து அடிக்க வந்தவர்களையும் இன்னும் சொல்வார்கள். உள்நாட்டிலேயே பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. பெரிய சாதனை. ஆனால் இன்று கர்ப்பமாக இருக்கும் இளம் பெண்களிடம் மலேரியாவுக்கு எதிர்ப்புச் சக்தி என்று சொல்ல எதுவும் இல்லை. காய்ச்சல் என்றால் டெங்குவைத்தான் எல்லோரும் முதலில் நினைப்போம், வைத்தியர் உட்பட.

கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் மற்றவர்களைவிடக் கடுமையாகும். மலேரியாக் கிருமியின் பல்சிபாரம் வகை நச்சுக்கொடியின் இழையங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். தாயின் விரலில் எடுத்த இரத்தத்தில் கிருமி குறைவாகத் தெரியும்போதே உள்ளே பிள்ளைக்குப் போகும் ஊட்டம் தடைப்பட்டிருக்கலாம். வைவாக்ஸ் வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பக் காய்ச்சலாக வரும். கப்பலில் வேலைக்குப் போய் ஆபிரிக்கத் துறைமுகங்களைத் தொட்டு வருபவர்கள், இந்தியாவுக்கு யாத்திரை போய் வருபவர்கள், தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பும் குடும்பங்கள் எல்லாம் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். கணவரிடமிருந்து மனைவிக்கு நேரடியாக மலேரியா தொற்றாது. ஆனால் அதைப் பரப்பும் நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது.

ஆகவே கர்ப்பிணிக்கோ வீட்டில் வேறு யாருக்குமோ காய்ச்சல் வந்து, கடந்த ஒரு வருடத்துக்குள் யாராவது மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்திருந்தால், கேட்காவிட்டாலும் வைத்தியரிடம் அதை முதலில் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். பயணத்துக்கு முன்னரே மலேரியா எதிர்ப்பு இயக்கத்திடம் போனால் தடுப்பு மருந்தை இலவசமாகத் தருவார்கள். வைவாக்ஸ் பிடித்த கர்ப்பிணிக்கு ஈரலில் ஒளிந்திருப்பதை அழிக்கும் பிரிமாகுயினைக் கர்ப்ப காலத்தில் கொடுக்க முடியாது. குழந்தையின் சிவப்பணுக்கள் அதைத் தாங்குமா என்று அப்போது அறிய வழியில்லை. பிரசவம் வரை வேறு மருந்தால் அடக்கி வைப்பார்கள். பிள்ளை பிறந்து, தாய்க்கும் பால் குடிக்கும் பிள்ளைக்கும் ஜீ-6-பீ-டீ நொதியத்தை (இது குறைவாக இருந்தால் அந்த மருந்து சிவப்பணுக்களை உடைக்கும்) சோதித்த பிறகு, அந்த மருந்தை எடுத்து முடிக்க மறக்காமல் திரும்பப் போக வேண்டும்.